அப்பாவைத் தொட்டுப் பார்த்தவர்கள்

ஜனவரி 7, செவ்வாய்

அப்பாவின் சாப்பாட்டில் இன்று வேண்டுமென்றே இரண்டு மடங்கு உப்பு போட்டேன்.

மகள் செய்கிற வேலையா இது? தெரியும். ஆனால் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. முழுத் தட்டையும் காலி செய்தார். "உப்பு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "சரி" என்றார். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் எந்தத் தப்பு செய்தாலும் அது அவர் பெட்டியில் நடந்ததுபோல எகிறுவார். அம்மாவும் சளைத்தவள் இல்லை. ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர் ஒன்பது சொல்வார். சின்ன வயதில் நானும் அண்ணனும் அந்தச் சத்தத்தில்தான் படித்தோம், தூங்கினோம். போன வருடக் கடைசியில் அம்மா போனாள். அப்பாவை என்னோடு அழைத்து வந்தேன். அன்றிலிருந்து எதற்கும் "சரி"தான். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு திட்டு. ஒரே ஒரு திட்டு விழுந்தால் போதும்.

ஜனவரி 9, வியாழன்

உப்புச் சோதனையைக் கைவிட்டேன். அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது நேற்றுதான் நினைவுக்கு வந்தது. நல்ல மகள்!

இன்றைய சோதனைகள்: பற்பசையை நடுவில் அமுக்கி வைத்தேன். செய்தித்தாளைத் தாறுமாறாக மடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். முன்பெல்லாம் இதில் ஒன்று நடந்தாலே மூன்று நாள் வீட்டில் பேச்சு ஓயாது.

கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார்.

குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஜனவரி 11, சனி

இன்று ரெண்டாம் சனி. எங்கள் குழந்தைகள் அறிவியல் அருங்காட்சியகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைக்கு வேறு பெயரே கிடையாது. அன்று மட்டும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு கூடம் முழுவதையும் தலைகீழாக்குவோம். நடத்துவது என் பொறுப்பு. மற்ற அருங்காட்சியகங்களில் தொடாதே என்பார்கள். எங்கள் இடத்தில் எதையும் தொட்டு, திருப்பி, இழுத்துப் பார்க்காமல் ஒரு பிள்ளை வெளியே போனால் எங்களுக்குத்தான் அவமானம்.

இன்றைய தலைப்பு காற்று. ஊதுகுழாய்க்கு மேலே பந்து மிதக்க வேண்டும். மிதந்தது. ஒரு பையன் பந்துக்குப் பதிலாக அவனுடைய அப்பாவின் தொப்பியை வைத்தான். அதுவும் மிதந்தது. பிறகு அந்த அப்பாவின் தலையில் இருந்த இன்னொன்றையும் வைத்தான். அது தொப்பி இல்லை. அந்த மனிதர் வழுக்கையோடு துரத்த, பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். இயக்குநர் அம்மா என்னிடம், "இது நிகழ்ச்சியில இருந்துச்சா?" என்றார். இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நான் வேலைக்குப் போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்கிற கீழ்வீட்டு அம்மா படியிலேயே காத்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதே. இனிமே என்னால பார்த்துக்க முடியாதும்மா. டிவிய ஆஃப் பண்ணிட்டு அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரைக்கும். எனக்கே பயமா இருக்கு."

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். அவனிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அவனிடம் எப்போதும் ஒரு திட்டம் இருக்கும்.

"ஆறு மாசம் உன்கிட்ட, ஆறு மாசம் என்கிட்ட. மே மாசம் வந்து அப்பாவோட வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுடறேன். சும்மா பூட்டிக் கிடக்கு."

"அவர் என்ன பார்சலாண்ணா?"

"சரி, நீ வேற வழி சொல்லு."

என்னிடம் வேறு வழி இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அந்த வீட்டை அவரும் அம்மாவும் செங்கல் செங்கலாகச் சண்டை போட்டுக் கட்டினார்கள். "அண்ணன் நம்ம வீட்டை வாடகைக்கு விடலாம்ங்கிறான்பா" என்றேன்.

"சரி" என்றார்.

பிப்ரவரி 8, சனி

இன்று நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அப்பாவையும் வேலைக்குக் கூட்டிப் போனேன். தலைப்பு உடம்பு. உடம்பு அறையின் மூலையில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. வழக்கமாக அதில் எங்கள் ரப்பர் மனிதர் உட்கார்ந்திருப்பார். மார்பை அழுத்தினால் இதயம் துடிக்கும். வயிற்றை அழுத்தினால் கடமுடா சத்தம் வரும். அந்தக் கடமுடா நின்றுபோனதால், சாமான்களைச் செய்து பழுதுபார்க்கிற எங்கள் பட்டறைக்காரர் நேற்று அவரைத் தூக்கிப் போயிருந்தார். அங்கே அப்பாவை உட்கார வைத்து, "இங்கேயே இருங்கப்பா" என்றேன். "சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் பெரிய கூடத்துக்கு எலும்புக்கூடு ஆட்டம் நடத்தப் போய்விட்டேன்.

நாற்காலிக்கு மேலே சுவரில் பலகை இருந்தது: 'என்னைத் தொட்டுப் பாருங்கள். பயப்பட வேண்டாம்.' ரப்பர் மனிதரைத் தூக்கியவர் பலகையைத் தூக்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் இடத்தில் திரும்பின பக்கமெல்லாம் தொடு, அழுத்து, சுழற்று என்று பலகைகள்தான். பார்த்துப் பார்த்து எங்கள் யார் கண்ணுக்கும் அவை தெரிவதில்லை.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது கூட்டம் கரைய ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் உடம்பு அறைக்கு ஓடினார்கள். ஓர் அம்மா என் கையைப் பிடித்துப் பாராட்டினார். "அந்தத் தாத்தா பொம்மை பிரமாதம்ங்க. மூக்கைப் பிடிச்சா குறட்டை நிக்குது, விட்டா மறுபடி வருது. எங்க செஞ்சீங்க?"

தாத்தா பொம்மையா? எங்களிடம் ஏது தாத்தா பொம்மை?

நான் யோசித்து முடிப்பதற்குள் பொக்கை எதிரே வந்தாள். ஆறு வயது. முன்பல் நான்கும் விழுந்துவிட்டதால் நாங்கள் வைத்த பெயர். ஒவ்வொரு ரெண்டாம் சனிக்கும் அவள் அம்மாவோடு வந்துவிடுவாள். முகம் வெளிறிப் போயிருந்தது. மூடிய கையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இது கழண்டு வந்துடுச்சு. நான் உடைக்கல. சும்மா உள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்த்தேன்."

கையைத் திறந்தாள். என் அப்பாவின் மேல்வரிசைப் பல்செட்.

தூக்கிவாரிப் போட்டது. அதே நேரம் உடம்பு அறையிலிருந்து ஒரு முழக்கம். சுவரே அதிர்ந்தது.

"எவ அவ? எம் பழ்ழை எழுத்தது எவ? ஒழு வழிசை உண்டா, ஒழுங்கு உண்டா, இது என்ன அழுங்காழ்சியகமா மாழ்ழுச் சந்தையா?"

பிள்ளைகள் அலறிச் சிதறினார்கள். சிலர் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பொக்கை மட்டும் நகரவில்லை. என் பின்னாலேயே வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"எனக்கும்தான் பல்லு இல்ல. நான் கத்துறேனா?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். என் அப்பாவை வாயடைக்க வைத்த இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் இப்போது இல்லை.

நான் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் அழுதேன். இயக்குநர் அம்மா ஓடி வந்து என் தோளைத் தட்டினார். "அழாதே, அழாதே. அந்தப் பெரியவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். புகார் எதுவும் கொடுத்துடுவாரோ?"

"கொடுப்பார் மேடம், கண்டிப்பா கொடுப்பார்" என்றேன். ஐயோ, திட்டிட்டார். எங்கப்பா திட்டிட்டார்!

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"அங்க வரிசைன்னு ஒண்ணு கிடையாதா? கட்டம் போட்ட சட்டைக்காரப் பையன் மூணு தடவை வந்தான். மத்த பிள்ளைங்க ஒரு தடவைக்கே முட்டி மோதிட்டிருக்கு."

"அப்போ முழிச்சிட்டா இருந்தீங்க?"

"பின்ன? முதல் பிள்ளை மார்ல கை வெச்சப்பவே முழிச்சிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

காபியை ஆற்றினார். "சின்னப் பிள்ளைங்க கை. பிசுபிசுன்னு, சூடா இருந்துச்சு. ஒண்ணு காதைத் தடவிச்சு. ஒண்ணு கன்னத்துல கை வெச்சுப் பார்த்துச்சு. அப்படியே நல்லாத் தூங்கிட்டேன். உங்கம்மா போனப்புறம் அப்படித் தூங்கினதில்ல."

அம்மா போன பிறகு அவரை யாரும் தொடவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து போனார்கள். நானும் உப்பைக் கூட்டினேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

"காபி ஆறிப்போயிருக்கு" என்றார். என்றார்!

மார்ச் 8, சனி

நான் எழுந்திருக்கும் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே நின்றிருந்தார். "ரெண்டாம் சனின்னு சொன்னியே. இப்படித்தான் தூங்குவியா?"

தலைப்பு ஒளியும் நிழலும். அப்பாவை அலுவலகத்தில் பத்திரமாக உட்கார வைத்தேன். பத்தே நிமிடத்தில் காணோம். போய்ப் பார்த்தால் நிழல் அறை வாசலில் நிற்கிறார். எங்களிடம் டிக்கெட்டுக்குப் பதில் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டுவோம். ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்துப் பரிசோதிக்கிறார்! வரிசை நூல் பிடித்தாற்போல நிற்கிறது. இந்தக் கூடத்தில் நான் பார்த்த முதல் நேர்கோடு.

பட்டை இல்லாத பிள்ளைக்குத் தண்டனை: அடுத்த ஸ்டேஷன் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே கூட வர வேண்டும். அடுத்த ஸ்டேஷன் எது என்பதை அவர்தான் முடிவு செய்வார். தண்ணீர்க் குழாய் சில நேரம், மாடிப்படி சில நேரம். சற்று நேரத்தில் பிள்ளைகள் பட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பட்டை உள்ளவர்களுக்கு ஒரு வரிசை, இல்லாதவர்களுக்கு ஒரு வரிசை. இரண்டாவதுதான் நீளம்.

மதியம் இயக்குநர் அம்மா நிழல் அறைக்குள் நுழையப் பார்த்தார்.

"பட்டை எங்கம்மா?"

"நான் இங்க இயக்குநர்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

அவரையும் மாடிப்படி வரை கையைப் பிடித்து நடத்திப் போயிருக்கிறார். நான் பார்க்கவில்லை. பட்டறைக்காரர் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்ததைத்தான் பார்த்தேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பாவுக்குச் சிவப்புச் சட்டை ஒண்ணு தைக்கச் சொல்லியிருக்கேன். எல்லா ரெண்டாம் சனிக்கும் வரச் சொல்லு."

மார்ச் 20, வியாழன்

சமையலறை டப்பாக்கள் எல்லாம் இன்று உயர வரிசையில் நிற்கின்றன. சர்க்கரையைத் தேடி அரை மணி நேரம் போயிற்று.

ஏப்ரல் 12, சனி

இந்த மாதம் உயிர். மூன்று வாரம் முன்பு முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் வைத்தோம். கணக்குப்படி இன்று குஞ்சு வெளியே வர வேண்டும். ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். 'நேரில் பாருங்கள், உயிர் பிறக்கும் தருணம்' என்று இயக்குநர் அம்மாவே வாசலில் எழுதி வைத்தார்.

பத்து மணி. முட்டை முட்டையாகவே இருந்தது. பதினொன்று. அப்படியே. பட்டறைக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெட்டியின் முகப்பில் பெரிய சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கிறது. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும். அதை அவர்தான் பொருத்தினார். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில். சுற்றி மஞ்சள் வட்டம் வேறு. பல வருடப் பழக்கம், எதைச் செய்தாலும் குமிழ் வைத்து, எட்டுகிற உயரத்தில் வைத்துவிடுவார். நாங்களும் தினமும் அதைத் தாண்டிப் போனோம். ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை. மூன்று வாரமாக வந்த ஒவ்வொரு பிள்ளையும் எங்கள் இடத்தின் மரியாதையைக் காப்பாற்றி, அதைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறது.

"செத்துப் போச்சா?" என்று ஒரு குழந்தை கேட்டது. இயக்குநர் அம்மா என்னைப் பார்த்தார். நான் பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவர் குமிழைப் பார்த்தார்.

அப்பா சிவப்புச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஒலிபெருக்கிகூட வேண்டியிருக்கவில்லை.

"பயணிகள் கவனத்துக்கு! முட்டை தாமதமா வந்துக்கிட்டிருக்கு. எல்லாரும் உட்காருங்க. சின்னவங்க முன்னாடி, பெரியவங்க பின்னாடி. யார் காதை வெச்சுக் கேக்கணுமோ வரிசையா வாங்க. சத்தம் போட்டா அது பயந்து இன்னும் லேட் ஆகும்."

இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். கூச்சலே இல்லாமல். ஒவ்வொரு பிள்ளையாகப் பெட்டியின் கண்ணாடியில் காது வைத்துவிட்டுப் போனது. ஒருத்தி "உள்ள யாரோ தட்டுறாங்க" என்றாள். அதற்குப் பிறகு வந்த எல்லாருக்கும் கேட்டது.

சாயங்காலம் வரை குஞ்சு வரவில்லை, ஆனாலும் யாரும் முகம் சுளிக்காமல் கலைந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: "வண்டி ஏன் லேட்னு கேட்டா காரணம் சொல்லக் கூடாது. உட்கார இடம் காட்டணும். அவ்வளவுதான்."

ஏப்ரல் 14, திங்கள்

அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அப்பா என்னை விடவில்லை. "வண்டி வர்ற நேரத்துல ஸ்டேஷன்ல ஆள் இல்லாம இருக்கலாமா?" பட்டறைக்காரரும் வந்திருந்தார். குமிழைக் கழற்றியிருந்தார்.

மதியம் முதல் ஓடு விரிந்தது. மாலைக்குள் ஏழு குஞ்சுகள். அப்பா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தார். கடைசிக் குஞ்சு ஓட்டை உடைக்க முடியாமல் நெடுநேரம் முக்கியது. "எழுந்து வாடா சோம்பேறி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று திட்டினார். அது வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன். அப்பா தேறிவிட்டார். இனி பயமில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

தேறிவிட்டார்தான். ரொம்பவே.

ஒரு திட்டு கேட்டேன், அடைமழையாகக் கொட்டுகிறது. பற்பசை, செருப்பு, விளக்கு, கீழ்வீட்டு அம்மா குப்பை கட்டுகிற விதம், நான் போனில் பேசுகிற சத்தம், போனில் பேசாமல் இருக்கிற நேரம். நேற்று நான் வெட்டிய வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே பாப்பா." எனக்கு நாற்பத்து நான்கு வயது. பாப்பா!

மே 3, சனி

இன்று தப்பு நடந்துவிட்டது.

களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். அடுத்த ரெண்டாம் சனிக்கான சாமான்களைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும், "ஏன் இவ்வளவு நேரம்? பை ஏன் கிழிஞ்சிருக்கு? சாவியை ஏன் இங்க வைக்கிற?" மூன்று கேள்வி. மூச்சுகூட விடவில்லை நான்.

"இது என் வீடுப்பா! சாவியை எங்க வேணா வைப்பேன். இந்த அதிகாரமெல்லாம் உங்க வீட்டுல போய்ப் பண்ணுங்க!"

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

அந்தச் சொல். அதே சொல். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. என்ன காரியம் பண்ணிட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டு மீண்டு வந்தாரு, ஒரே வார்த்தையில திருப்பி அனுப்பிட்டேனே. நாளைக்கு மறுபடி அந்த டிவி முன்னாடி போய் உட்கார்ந்துட்டா?

மே 4, ஞாயிறு

டிவி முன்னால் உட்காரவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சட்டைகள் எல்லாம் ஒரே அளவில் மடிக்கப்பட்டிருந்தன.

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "கோவத்துல சொல்லிட்டேன்பா, மனசுல வெச்சுக்காதீங்க."

"எதுக்கு மன்னிப்பு? நீ சொன்னதைப் படுத்து யோசிச்சேன். நியாயமாத்தான் இருக்கு. உன் வீட்ல நான் திட்டினா நீ ஒருத்திதான் வாங்கிக்கணும். பாவம். அங்க தெருவே இருக்கு."

"தனியா எப்படிப்பா இருப்பீங்க?"

"அது எனக்குத் தெரியாது. இருந்து பார்க்கணும். நீங்கதானே எல்லாத்தையும் செஞ்சு பாருன்னு பிள்ளைங்ககிட்ட சொல்றீங்க?"

பெட்டியைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்துவிட்டேன். அண்ணன் வரும்வரை எங்கேயும் போகக் கூடாது என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

குணமாக வேண்டும் என்று அவ்வளவு ஏங்கினேனே. குணமானவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டிலேயே, என் கண் முன்னாலேயே, நான் சொல்கிற அளவுக்கு மட்டும் குணமாக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மே 10, சனி

தலைப்பு தண்ணீர். எல்லாரும் நனைந்தோம். அப்பாவைத் தவிர. அவர் குடையோடு வந்திருந்தார்.

மே 24, சனி

அண்ணன் வந்தான். கையோடு ஒரு வாடகைக்காரரைப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தான்.

"என் வீட்டுக்கா? யாரைக் கேட்டு?"

அண்ணன் திகைத்துப் போனான். அவன் கடைசியாகப் பார்த்தது சரி சொல்கிற அப்பாவை. என்னைப் பார்த்து முழித்தான். "நீ சொல்லவே இல்லையே!" என்று கிசுகிசுத்தான். சொன்னேன், போனில் நாலு தடவை சொன்னேன். அவன் திட்டம் வைத்திருக்கும்போது காது கேட்காது.

மதியம் முழுக்க வாக்குவாதம். வாழ்நாளில் முதல்முறையாக நானும் அண்ணனும் ஒரே கட்சி. அந்த வயதில் தனியாக இருக்கக் கூடாது.

"திடீர்னு விழுந்துட்டா என்னப்பா பண்றது?" என்றான் அண்ணன்.

"இங்க விழுந்தா மட்டும் மேல போவேனா? கீழேதான் விழுவேன்."

"நாங்க உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்."

"தெரியும்டா. ரெண்டு பேரும் ஒத்துமையா ஒரு பேச்சுப் பேசுறீங்க. உங்கம்மா பார்த்திருந்தா நம்பியிருக்க மாட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கன்னு போனா நான் பயணி. காலம் பூரா ஓடுற வண்டியில நின்னுட்டே இருந்தவன். கடைசியில எனக்குன்னு ஒரு இடத்துல உட்காரணும்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். வாடகைக்காரருக்குப் போன் செய்து அண்ணனே வேண்டாம் என்று சொன்னான்.

ஜூன் 1, ஞாயிறு

கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

வீடெல்லாம் தூசி. சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பயந்து எட்டிப் பார்த்தேன். அம்மாவின் டப்பாக்களுக்கு முன்னால் நின்றிருந்தார். பெரியது, சின்னது, நடுவில் ஒரு நெட்டை, மூடி மாறிப்போன ஒன்று.

"என்னைக்காவது ஒழுங்கா அடுக்கியிருக்காளா பாரு" என்றார்.

துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தார். துடைத்துவிட்டு அது இருந்த இடத்திலேயே, அதே தாறுமாறில் வைத்தார்.

ஜூன் 14, சனி

வருவாரா மாட்டாரா என்று விடியலிலிருந்தே தவிப்பு. போன் செய்தேன், எடுக்கவில்லை. என்ன ஆச்சோ. நான் விட்டிருக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து பிடிவாதக்காரரைத் தனியா விட்டுட்டோம். அண்ணன்கிட்ட என்ன சொல்வேன்?

அருங்காட்சியகத்துக்கு ஓடினேன். பூட்டிய கேட்டுக்கு முன்னால் சிவப்புச் சட்டை. முதல் பஸ்ஸில் வந்துவிட்டாராம். சீக்கிரம் வந்த குடும்பங்களை எல்லாம் உயர வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். வரிசையின் முதல் ஆள் பொக்கை. இரண்டு பல் முளைத்திருக்கிறது. அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவரும் தன் பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

"போனை ஏன் எடுக்கலை?"

"பஸ்ல சத்தமாப் பேசுறவங்களை எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

தலைப்பு ஒலி. மேளம், குழாய், கண்ணாடிக் குவளை, நானூறு தொண்டைகள். சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வருவார் என்று அவருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருந்தேன். "பால்காரன் காலையில வருவான். நான் இல்லைன்னா தண்ணி கலப்பான்" என்று கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன். கோபம்தான். பால்காரன் முக்கியமாப் போயிட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவைப் பார்க்கப் போனேன். சொல்லாமல் போனேன், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா, சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரா.

சுவரைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வாசலில் இரண்டு பேர் அவரிடம் நியாயம் கேட்டு நின்றார்கள். ஒருவர் வண்டியை மற்றவர் வாசலில் நிறுத்துகிறாராம். இரண்டு பேரையும் திட்டி அனுப்பினார். போகும்போது இரண்டு பேருக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

எனக்குச் சமைத்துப் போட்டார். உப்பு குறைவு. நான் வாய் திறக்கவில்லை. மெலிந்திருக்கிறார், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. அம்மாவின் கட்டிலில் அவள் போர்வை மடித்து வைத்திருந்தது. கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம், "பொண்ணு வந்துட்டுப் போறா" என்றார். ஆறு மாதமாக அவரைப் பார்த்துக்கொள்கிறவளாக இருந்தேன். இன்று வந்துவிட்டுப் போகிறவளாகிவிட்டேன். சுருக்கென்றது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். தெருவைக் கடக்கும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடந்த பிறகும் விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும், "ஏறு, ஏறு, வழியில நிக்காதே" என்று முதுகில் தள்ளி ஏற்றினார்.

உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையசைக்கத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் முண்டியடித்து ஏறப் பார்த்த ஓர் ஆளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "பெரியவங்க நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் அவரைப் போல இரண்டு மடங்கு இருந்தான். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"யாருங்க இந்த மனுஷன், இந்த வயசுல இந்தக் கத்து கத்துறார்?" என்றார் பக்கத்து இருக்கை அம்மா.

"எங்க அப்பா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.